மெமோ எழுதத் தெரியாமல் இன்சார்ஜ் ஆன கதை

2022 ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை ஹேண்ட் ஓவர் எடுத்துக்கொண்டிருந்தேன். நர்சிங் சூப்பிரண்டு மேடம் வார்டுக்குள் வந்து, "இன்னிலேர்ந்து நீதாம்மா தேர்ட் ஃப்ளோர் இன்சார்ஜ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பழைய இன்சார்ஜ் அக்கா குவைத் கிளம்பிவிட்டார். ஆர்டர் கிடையாது, கையெழுத்து கிடையாது. சம்பளத்தில் 2,500 ரூபாய் ஏறும் என்றார்கள், அது ஏறவே மூன்று மாதம் ஆனது. திருச்சியில் நூறு, நூற்றைம்பது படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் எதுவும் இருக்காது. ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமா முடித்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் வென்ஃப்ளான் போடுவேன், டிரஸ்ஸிங் பண்ணுவேன், டாக்டர் வருவதற்குள் கேஸ் ஷீட்டைத் தயாராக வைப்பேன். என்னைப் போன்ற பத்துப் பேரை எப்படி வேலை வாங்குவது, தப்பு செய்தால் எப்படிக் கண்டிப்பது என்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை, யாரும் சொல்லித் தரவும் இல்லை. அதற்கு நான் கொடுத்த விலையை எழுதிவைக்கிறேன். இப்போது இன்சார்ஜ் ஆகியிருக்கும் தங்கை யாருக்காவது உதவலாம்.

26 படுக்கை, என்னையும் சேர்த்து 11 ஸ்டாஃப். அதில் ஒருவர் எனக்கு இரண்டு வருடம் சீனியர். அவரைச் சீனியர் என்றே சொல்கிறேன். நியாயமாக இன்சார்ஜ் வேலை அவருக்குத்தான் வந்திருக்க வேண்டும். பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவரே நிரந்தரமாக நைட் கேட்டு வாங்கியிருந்தார், அதனால் மேடம் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை. கைராசிக்காரர். கைக்குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் வென்ஃப்ளான் ஏற்றிவிடுவார். சர்ஜன் சார் இரவில் அவசர கேஸ் என்றால் அவர் பெயரைச் சொல்லித்தான் கேட்பார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நிர்வாகம் யாரை விட்டுக்கொடுக்கும், யாரை விட்டுக்கொடுக்காது என்ற கணக்கு அன்றைக்கே எழுதியாகிவிட்டது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

முதல் மாதத்திலேயே சார்ட்டில் ஒன்று கண்ணில் பட்டது. அவர் நைட் பார்த்த நாட்களில் இரவு 10 மணி, 2 மணி, காலை 6 மணி, மூன்றுக்கும் பிரஷர் 120/80. நாடித்துடிப்பு மூன்றுக்கும் 78. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதியது. ஒருநாள் ஆபரேஷன் முடிந்த ஒரு பேஷண்டுக்கு 6 மணிக்கு 98.6 என்று இருந்தது. 7 மணிக்கு நான் தொட்டால் உடம்பு அனலாகக் கொதிக்கிறது, தெர்மாமீட்டரில் 102. எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சார்ட்டைப் போட்டோ எடுத்து வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, "இது சார்ட்டா, மார்கழிக் கோலமா?" என்று எழுதினேன். ஜூனியர் நர்ஸ் பிள்ளைகள் இரண்டு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். சீனியர் ஒன்றும் பதில் போடவில்லை. ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். ஐந்து மாதம் கழித்து அது அச்செடுத்த காகிதமாக என் முன்னால் வந்தது. கேள்வி கேட்க வேண்டியது அந்தச் சார்ட்டைத்தான். என் வாயால் நான்தான் கேள்விக்கு ஆளானேன். குரூப்பில் ட்யூட்டி மாற்றம், பாராட்டு, பிறந்தநாள் வாழ்த்து, இவ்வளவு போதும். கண்டிப்பது தனி அறையில், கதவைச் சாத்தி, கூடவே ஒரு மூன்றாம் ஆள் இருக்கும்போது. அந்த மூன்றாம் ஆள் உங்கள் தோழியாக இருக்கக் கூடாது, வேறு வார்டு இன்சார்ஜாக இருந்தால் நல்லது.

இன்னொரு முட்டாள்தனமும் அப்போது நடந்துகொண்டிருந்தது. லேட்டாக வந்தால் 50 ரூபாய் ஃபைன். பழைய அக்கா ஆரம்பித்து வைத்த வழக்கம். நர்சஸ் ஸ்டேஷனில் ஒரு பூஸ்ட் டப்பா இருக்கும், அதில் போட வேண்டும். மாதக் கடைசியில் கேக், சமோசா. எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் போட்டார்கள், நானும் பெருமையாக ஒரு நோட்டில் கணக்கு எழுதினேன். என் காலத்தில் மட்டும் 3,150 ரூபாய். அந்த நோட்டுதான் பின்னால் எனக்கு எதிராகப் பேசியது. ஊழியரிடம் ஃபைன் வாங்குவதற்கு 1936 சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே வரையறை இருந்தது, இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. எந்தெந்தத் தப்புக்கு ஃபைன் என்று முன்கூட்டியே அறிவித்து, அரசின் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பு தர வேண்டும். ஒரு மாதத்தில் மொத்தம் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதிவேட்டில் ஏற்ற வேண்டும். 15,000 ரூபாய் வாங்கும் பிள்ளைக்கு மாதம் 450 தான் உச்சம், அதுவும் வசூலிக்க வேண்டியது முதலாளி. இன்சார்ஜ் கையில் டப்பா பிடித்து வாங்கும் பணத்துக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. உங்கள் வார்டில் இப்படி ஒரு டப்பா இருந்தால் இன்றைக்கே அதில் இருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பூஸ்ட் போட்டு வையுங்கள்.

மேடத்திடம் போனேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா. இப்ப ஆள் எங்க கெடைக்குது?" பாவம், அவர் சொன்னதிலும் பொய் இல்லை. அந்த வருடம் எங்கள் மாடியிலிருந்து மட்டும் நான்கு பேர் போனார்கள். இரண்டு பேர் வளைகுடா, ஒரு பெண் எம்.ஆர்.பி. பரீட்சை எழுதி அரசு வேலைக்கு, ஒரு பெண் கல்யாணம் ஆகி அரியலூருக்கு. அட்மின் மேனேஜர் சாரிடமும் சொன்னேன். "நீங்க இன்சார்ஜ், நீங்கதான் ஹேண்டில் பண்ணணும்" என்றார். சரி, எழுத்தில் விளக்கம் கேட்டு நானே மெமோ கொடுக்கட்டுமா என்று கேட்டால், "அதெல்லாம் வேணாம், பிரச்சினை ஆயிடும்." பொறுப்பு என்னிடம், அதிகாரம் அவர்களிடம். இதில் என் தப்பு என்னவென்றால் மூன்று முறையும் வாயால் மட்டும் சொன்னேன். பின்னால் விஷயம் வெடித்தபோது மேடம் என் முகத்தைப் பார்த்தே, "நீ எங்கிட்ட எப்பம்மா சொன்ன?" என்று கேட்டார். அவர் பொய் சொன்னாரா, உண்மையிலேயே மறந்துவிட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மேலே உள்ளவரிடம் நேரில் பேசிய அன்று மாலையே இரண்டு வரி அனுப்பிவிடுங்கள்: "மேடம், இன்று காலை 11 மணிக்கு உங்களிடம் சொன்னது போல, இரவு சார்ட் பார்க்காமல் எழுதப்படுவதாகச் சந்தேகம். நீங்கள் பொறுக்கச் சொன்னபடி பொறுத்திருக்கிறேன்." சண்டை வேண்டாம், புகார் தொனி வேண்டாம். நடந்ததை அப்படியே எழுதினால் போதும்.

நவம்பரில் அந்த இரவு வந்தது. சர்க்கரை வியாதிக்காரர், காலில் புண்ணுக்கு டிரஸ்ஸிங் செய்துகொண்டிருந்த பெரியவர். இரவு 8 மணிக்கு 30/70 இன்சுலின் போட்டிருக்கிறார்கள். அவர் இட்லியில் பாதிதான் சாப்பிட்டார். 2 மணிக்கு ஜி.ஆர்.பி.எஸ்., அதாவது விரலில் குத்திச் சர்க்கரை, பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார், சார்ட்டில் 2 மணிக்கு 142 என்று இருக்கிறது. நாலே முக்காலுக்கு அவர் மனைவி எழுந்து பார்த்தால் மனிதர் வேர்த்துக் கொட்டி, பேச்சு குழறிக் கிடக்கிறார். சர்க்கரை 38, ஆபத்தான அளவுக்குக் குறைவு. ட்யூட்டி டாக்டர் ஓடிவந்து 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி ஏற்றினார், பெரியவர் மெல்லத் தேறிவிட்டார். அன்று அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் இந்தத் தொழிலிலேயே இருந்திருக்க மாட்டேன்.

7 மணிக்கு வந்தவள் நேராக குளுக்கோமீட்டரைத்தான் எடுத்தேன். அதன் மெமரியில் எல்லா ரீடிங்கும் தேதி, மணியோடு இருக்கும் என்பது தெரியும். 142 இல்லை. இரவு பத்து மணிக்குப் பிறகு அடுத்த ரீடிங் 38 தான். பிடித்துவிட்டேன் என்று கை நடுங்கியது, உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. ஆனால் சீனியர் அமைதியாக, "நம்ம மீட்டர்ல பேட்டரி வீக்கா இருந்துச்சு, நாலாவது மாடி மீட்டர்ல பாத்தேன்" என்றார். நாலாவது மாடி மீட்டரை எடுத்துப் பார்த்தால் பேட்டரி மாற்றியபோது அதன் கடிகாரம் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கிறது, யாரும் திருத்தி வைக்கவில்லை. தேதி, மணி எல்லாமே தப்பு. எந்த ரீடிங் எந்த இரவில் எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சார்ட்டில் எந்த மீட்டர் என்று எழுதும் பழக்கமும் எங்களுக்கு இல்லை. என் ஆதாரம் அந்த இடத்திலேயே செத்துப்போனது. மீட்டரில் செருகும் டெஸ்ட் ஸ்ட்ரிப் எத்தனை வந்தது, எத்தனை செலவானது என்ற கணக்காவது இருந்ததா என்றால் அதுவும் இல்லை. இப்போது நான் பார்க்கும் வார்டில் மீட்டருக்கு நம்பர் ஒட்டியிருக்கிறேன், ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி அதன் கடிகாரத்தை என் கையாலேயே சரிபார்க்கிறேன், புது ஸ்ட்ரிப் டப்பா திறந்தால் தேதி எழுதச் சொல்கிறேன். பிள்ளைகள் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. அட்மின் அறையில், டீ வரவழைத்து, மொத்தம் இருபது நிமிடம். அங்கே வைத்து நான் ஒன்று சொன்னேன்: "சார், அந்த 2 மணி ஜி.ஆர்.பி.எஸ்.ஸுக்கு பேஷண்ட் பில்லுல 80 ரூபா போட்டிருக்கு." அறை அப்படியே அடங்கிவிட்டது. "அத இப்ப எதுக்குக் கெளர்றீங்க சிஸ்டர்" என்றார் மேனேஜர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டெஸ்ட் எடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டால், எடுக்காத டெஸ்டுக்குப் பணம் வாங்கியதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பேஷண்டின் மகன் ஏற்கனவே கீழே சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த இரவில் அந்த டெஸ்ட் நடந்தே ஆக வேண்டும் என்பது சீனியரைவிட நிர்வாகத்துக்குத்தான் தேவையாக இருந்தது. சீனியர் மூன்று பக்கப் புகார் கொண்டுவந்திருந்தார். குரூப்பில் அவமானப்படுத்தியது, டப்பாவில் பணம் வசூலித்தது, மன உளைச்சல். ஸ்கிரீன்ஷாட், கணக்கு நோட்டின் போட்டோ, எல்லாம் இணைப்பு. என் கையில் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. முடிவு: அவருக்கு வாய்மொழி எச்சரிக்கை. வார்டை நிர்வகிக்கத் தவறியதற்கு 48 மணி நேரத்தில் விளக்கம் கேட்டு எனக்கு மெமோ. ஐந்து மாதமாக நான் யாருக்கும் கொடுக்க அதிகாரம் இல்லாத அந்த மெமோ எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். லினன் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அன்றிரவு நான்கு பக்கம் பதில் எழுதினேன். படித்துப் பார்த்த வீட்டுக்காரர், "இத நாளைக்கி காலையில ஒருதடவ படிச்சுட்டு அப்பறம் குடு" என்றார். காலையில் படித்தால் எனக்கே கூசியது. கண்டோன்மென்ட்டில் தொழிலாளர் வழக்கு பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் போனோம், 1,500 ரூபாய் வாங்கினார். வாங்கிய காசுக்கு அவர் சொன்னது அத்தனையும் தங்கம். மெமோவை வாங்க மாட்டேன் என்று ஒருநாளும் சொல்லாதே. வாங்கிக்கொண்டு, "பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதித் தேதி போடு. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுது, அடுத்தவர் குணத்தைப் பற்றி எழுதாதே. நகல் ஒன்றில் அவர்கள் கையெழுத்தும் தேதியும் வாங்கு. பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "நீங்க தொழிலாளியா, சூப்பர்வைசரா?" எனக்குப் புரியவில்லை. தொழில் தகராறுச் சட்டப்படி மேற்பார்வை வேலை பார்த்து மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் தொழிலாளி என்ற வரையறைக்குள் வர மாட்டார்கள் என்று விளக்கினார். இப்போது புதுச் சட்டத் தொகுப்பில் அது 18,000. பதவிப் பெயரைப் பார்க்க மாட்டார்கள், நிஜமாகச் செய்யும் வேலையைத்தான் பார்ப்பார்கள் என்றாலும், வாதாடி நிரூபிக்க வேண்டியது நம் பாடு. ஆக, 2,500 ரூபாய்க்காக நான் ஏறிய படியில் என் கீழ் வேலை செய்யும் ஸ்டாஃபுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு எனக்கு இல்லாமல் போகலாம்.

அவரிடமிருந்தே இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ஒருவரைத் தண்டிக்க வேண்டும் என்றால் என்ன தப்பு என்று எழுத்தில் கொடுத்து, விளக்கம் கேட்டு, விளக்கம் போதாது என்றால் குற்றச்சாட்டு கொடுத்து, சம்பந்தமில்லாத ஒருவரை வைத்து விசாரித்து, அதற்குப் பிறகுதான் உத்தரவு. உத்தரவு போட வேண்டியது வேலைக்கு எடுத்தவர், அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவர். விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட் செய்தால் பிழைப்பூதியம் உண்டு, முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம். "நாளைலேர்ந்து வராத" என்று இன்சார்ஜ் வாயால் சொல்லும் ஒரு வார்த்தை எல்லாவற்றையும் கெடுத்துவிடும். நம் வேலை பதிவு செய்வதும் பரிந்துரைப்பதும்தான். பதிவு செய்யும்போதும் "பொறுப்பில்லாதவர்", "திமிர் பிடித்தவர்" என்று எழுதினால் குப்பைக்கூடைக்குத்தான் போகும். "12-ஆம் தேதி, படுக்கை 9, காலை 6 மணிக்கு 98.6 என்று பதிவு. 7.05-க்கு நான் பார்த்தபோது 102. உடன் இருந்தவர் இன்னார். கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது." இப்படி எழுதியதை யாராலும் அசைக்க முடியாது. அவர் சொன்ன பதிலையும் எழுத வேண்டும் என்பது முக்கியம். நான் அதைக் கற்றுக்கொள்ள நாளானது.

2023 மார்ச்சில் ராஜினாமா கொடுத்தேன். இரண்டு மாத நோட்டீஸில் ஒரு மாதம்தான் தாங்கியது, மீதிக்கு 23,500 பிடித்துக்கொண்டார்கள். டப்பா காசு கேக்காகிப் போயிருந்ததால் 3,150-ஐ என் கையிலிருந்து எண்ணிக் கொடுத்தேன். சீனியர் லீவு போட்டபோதெல்லாம் நான் பார்த்த டபுள் ட்யூட்டி ஒன்பது, அதற்கு ஒரு பைசா வரவில்லை, ஏழாயிரம் என்று வையுங்கள். அனுபவச் சான்றிதழை நான்கு மாதம் இழுத்தடித்தார்கள். அது இல்லாததால் புது இடத்தில் அந்த நான்கு மாதமும் 3,000 குறைத்துத்தான் கொடுத்தார்கள். வக்கீல் ஃபீஸும் சேர்த்தால் 47,000 ரூபாய்க்கு மேல். ஒரிஜினல் சர்ட்டிபிகேட் அவர்கள் பீரோவில் இல்லாதது ஒன்றுதான் நான் செய்த புண்ணியம். சேரும்போது கேட்டார்கள், அப்பா கொடுக்க விடவில்லை.

புது ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் கழித்து மறுபடி இன்சார்ஜ் ஆகச் சொன்னார்கள். மூன்று விஷயத்தை எழுத்தில் கேட்டேன்: நான் யாருக்குக் கீழே, மெமோ கொடுக்கலாமா அல்லது பரிந்துரை மட்டுமா, நைட்டுக்குக் குறைந்தது எத்தனை பேர். ஹெச்.ஆர். பெண் விசித்திரமாகப் பார்த்தாள், ஆனால் மெயில் வந்துவிட்டது. பரிந்துரை மட்டும்தான் என்று இருந்தது. பரவாயில்லை, தெரிந்துவிட்டதல்லவா.

மூன்றாவது கேள்வியை நான் அப்போது கேட்டது ஸ்டாஃப் பற்றாக்குறைப் பயத்தில். அதன் முழு அர்த்தம் போன வருடம்தான் விளங்கியது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் போக ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால், பக்கத்து சீட்டில் அந்தச் சீனியர். அவரும் அங்கிருந்து விலகிவிட்டாராம், வீட்டுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறார். பிள்ளைகள், படிப்பு, வாடகை என்று பேசினோம். பாலம் வரும்போது அவராகவே ஆரம்பித்தார். "அன்னிக்கு நைட்டு நானும் ஒரு ட்ரெய்னிப் புள்ளையும். 24 பேஷண்ட். ஒன்றரைக்கு ஒரு அட்மிஷன், ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனது நான்தான். நீங்க வந்ததும் மீட்டரப் பாத்தீங்க சிஸ்டர். ரோஸ்டரப் பாக்கல." கோபமாகச் சொல்லவில்லை. பொது வார்டில் ஆறு பேருக்கு ஒரு நர்ஸ் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். யாருக்கு எந்த ட்யூட்டி என்ற அந்த வார ரோஸ்டர் என் கையெழுத்தில்தான் இருந்தது. ஆள் இல்லை என்று மேடம் சொன்னதும் ட்ரெய்னியை முழு ஸ்டாஃபாகக் கணக்குக் காட்டி நிரப்பியது நான்தான். அதை எழுத்தில் மறுத்திருந்தால் அன்று அட்மின் அறையில் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். இப்போது எந்தச் சம்பவத்தைப் பதிவு செய்தாலும் முதல் வரியில் அந்த ஷிப்டில் எத்தனை பேஷண்ட், எத்தனை ஸ்டாஃப், அதில் ட்ரெய்னி எத்தனை என்றுதான் எழுதுகிறேன்.

மாம்பழச்சாலையில் அவர் இறங்கிவிட்டார். 2 மணிக்கு அந்த டெஸ்டை எடுத்தாரா இல்லையா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.